‘பஞ்ஜென்ட்’: உறைப்பின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் (1924–36) கார்ப்பு, காரம், உறைப்பு, காயம் என்ற நான்கு சொற்களைத் தேடுகிறவருக்கு, வேறு பொருள்களோடு சேர்த்து நான்கிலும் பொதுவாக ஓர் ஆங்கிலச் சொல் கிடைக்கும்: ‘பஞ்ஜென்ஸி’. அதன் பெயரடை வடிவம் ‘பஞ்ஜென்ட்’. நான்கும் ஒரே இடத்தில் புழங்குகிற சொற்கள் அல்ல. கார்ப்பு நிகண்டிலும் வைத்திய ஏட்டிலும் இருப்பது. காரம் கடைப் பலகையில் இருப்பது. உறைப்பு வாயில் இருப்பது; ‘ஸ்ஸ்… உறைக்குது, தண்ணி குடு’. காயமோ தனியாக நிற்பதை விட்டுவிட்டு வெங்காயத்துக்குள்ளும் பெருங்காயத்துக்குள்ளும் ஒடுங்கிவிட்டது. நான்கு வெவ்வேறு வாழ்க்கைகளை ஓர் ஆங்கிலச் சொல் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. இருமொழி அகராதி பொருள் மட்டும் சொல்வதில்லை. எந்த மொழியின் படியால் எந்த மொழியை அளப்பது என்பதையும் சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகிறது. சுவை விஷயத்தில் அந்தத் தீர்மானம் எப்படி நடந்தது என்பதுதான் இங்கு கேள்வி.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘புங்கெரே’ என்றால் குத்துதல். ஊசி குத்துவது, முள் குத்துவது. அதே வேரிலிருந்துதான் பாயிண்ட் வந்தது; பங்க்சுவேஷன் வந்தது; சைக்கிள் கடையில் நாம் தினமும் உச்சரிக்கிற பஞ்சரும் வந்தது. ஆங்கிலத்தில் ‘பஞ்ஜென்ட்’ 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனவேதனையையும் கூர்மையையும் குறிக்கும் சொல்லாக நுழைந்து, அடுத்த நூற்றாண்டில் நாக்குக்கும் மூக்குக்கும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிற ஒருவரிடம் சொன்னால் அவர் மனதில் முதலில் எழுவது பெரும்பாலும் வாசனைதான்: பூண்டு, வெங்காயம், நாள்பட்ட பாலாடைக்கட்டி, கருவாடு. மிளகாயைச் சொல்ல அவருக்கு வேறு சொற்கள் இருக்கின்றன, ‘ஹாட்’, ‘ஸ்பைஸி’. ஆக லெக்சிகனை நம்பி ‘பஞ்ஜென்ட்’ என்று மொழிபெயர்த்தால் நம் காரக்குழம்பு அங்கே போய் நாறும். இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று விட்டுவிட முடியாது. குத்துதல் என்ற உருவகம் உறைப்பைச் சுவையின் வரிசையிலிருந்து இறக்கி, வலியின் வரிசையில் வைக்கிறது. இனிப்பு ஒரு குணம். ‘பஞ்ஜென்ட்’ ஒரு தாக்குதல்.

இந்தக் கதையை அரியலூரிலிருந்து பேசக் காரணம் உண்டு. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டி ஏலாக்குறிச்சி இருக்கிறது. திருக்காவலூர் என்று பெயர் சூட்டி அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கிற கான்ஸ்டன்டைன் பெஸ்கி (1680–1747). இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழியில் காவியுடுத்தி, புலால் தவிர்த்து, பண்டார சாமியாக வாழ்ந்தவர். தமிழ் அகராதி வரலாற்றின் முக்கியமான திருப்பம் இவரோடு சேர்ந்தது. 1732இல் அவர் முடித்த சதுரகராதிதான் செய்யுள் நிகண்டுகளுக்குள் கட்டுண்டு கிடந்த சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தது.

சதுரகராதியின் அமைப்பைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்கள் ‘முதல் அகராதி’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது ஒரு அகராதி அல்ல, நான்கு. பெயரகராதியில் ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்கள். பொருளகராதியில் ஒரு பொருளுக்குள்ள பல பெயர்கள். தொகையகராதியில் எண்ணிக் கூட்டிச் சொல்லப்படுபவை. தொடையகராதியில் எதுகைக்கு உதவும் சொற்கள். அறுசுவை மாதிரியான எண்ணுத் தொகைகளுக்கு இடம் கொடுப்பது மூன்றாவது பகுதி. இதன் அர்த்தம் என்ன? கார்ப்பு என்பது தனக்குள்ளேயே பொருள் கொண்ட ஒரு சொல் அல்ல. கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு என்ற ஐந்து உடன்பிறப்புகளோடு நிற்கும்போதுதான் அது எது, எது அல்ல என்பது தெரிகிறது. (வேறுபாட்டிலிருந்துதான் அர்த்தம் பிறக்கிறது என்பதைச் சசூர் வழியாக நாம் கற்றுக்கொண்டோம். நிகண்டுக்காரர்கள் அதைக் கோட்பாடாகச் சொல்லவில்லை, செய்துகொண்டிருந்தார்கள்.) தமிழை எடுத்துப்போக வந்த வெளிநாட்டுக்காரர், தமிழைத் தமிழாலேயே பொருள் சொல்கிற நூலையும் எழுதினார் என்பது சாதாரணமில்லை. பேச்சுத் தமிழுக்கு, அவர் மொழியில் கொடுந்தமிழுக்கு, லத்தீனில் இலக்கணமும் தமிழ்–லத்தீன் அகராதியும் தனியே செய்தார். செய்யுள் மொழிக்கு ஒரு கணக்கு, சனங்கள் மொழிக்கு வேறொரு கணக்கு.

பின்னால் வந்தவர்கள் இரண்டாவது கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1779இல் வேப்பேரியில் அச்சான ஃபாப்ரீசியஸ் அகராதி, யாழ்ப்பாணத்து மிஷனரிகள் தொடங்கி 1862இல் சென்னையில் வின்ஸ்லோ முடித்த பேரகராதி, அப்புறம் பல்கலைக்கழக லெக்சிகன். இந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை; இவை இல்லாமல் நாம் யாரும் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. ஆனால் இவற்றில் சொல்லுக்கு உடன்பிறப்பு போய் எசமான் வந்தது. கார்ப்புக்குப் பக்கத்தில் துவர்ப்பு இல்லை. எதிரில் ‘பஞ்ஜென்ஸி’ இருக்கிறது.

இந்த இடத்தில் ‘நம் தூய தமிழ்ச் சுவையை வெள்ளைக்காரன் கெடுத்தான்’ என்று ஆரம்பித்துவிடுவது சுலபம். விஷயம் அப்படியில்லை. நாம் உறைப்பு என்றதும் நினைக்கிற பொருளே இந்த மண்ணுடையது அல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. 1493 ஜனவரியில் கொலம்பஸ் தன் குறிப்பேட்டில், அந்தத் தீவுக்காரர்கள் ‘ஆஹி’ என்று சொல்வது அவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மதிப்புள்ளது என்கிற விதமாக எழுதிவைத்தார். மிளகைத் தேடிப்போனவர் கண்ட காரமெல்லாம் மிளகாகிவிட்டது. இன்றுவரை ஆங்கிலத்தில் மிளகாயும் பெப்பர்தான், மிளகும் பெப்பர்தான். இதைச் சொல்லிச் சிரிக்க நமக்கு உரிமை கிடையாது, ஏனென்றால் நாமும் அதைத்தான் செய்தோம். மிளகு + காய், மிளகாய். வந்தவனுக்கு இருந்தவன் பெயரை வைத்து வீட்டுக்குள் விட்டோம்.

மிளகுக்குச் சங்க நூல்களில் வழங்கும் பெயர் கறி. முசிறிக்கு யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து ஏற்றிப்போனது இந்தக் கறியைத்தான். அப்புறம் கறி என்பது மிளகிட்ட தொடுகறியாகி, காய்கறியாகி, ஊர்ப்பேச்சில் இறைச்சியாகி, போர்த்துக்கீசியர் வாய் வழியே ஆங்கிலத்துக்குப் போய் ‘கறி’யாக உலகம் சுற்றுகிறது. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்–ஜாப்சன் (1886) இதைத் தமிழ்ச் சொல் என்று பதிவு செய்கிறது. பர்னல் ஏலாக்குறிச்சிக்கு ஆற்றுக்கு அக்கரையில், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அதே நூலில் ‘மல்லிகடானி’க்கும் ஒரு பதிவு உண்டு, நம் மிளகுத்தண்ணிதான். அதற்கு அவர்கள் காட்டும் 1784ஆம் ஆண்டுச் சான்று ஒரு பாட்டு. ஹைதர் அலியிடம் பிடிபட்டிருந்த ஓர் ஆங்கிலக் கடற்படைக்காரர் பாடியது. பெங்களூர்ச் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியும் தின்று கிடக்கிறோமே என்பது அவர் புலம்பல். இந்தச் சுவை ஆங்கிலத்துக்குள் ஒரு கைதியின் தட்டு வழியாகவும் நுழைந்திருக்கிறது. பிறகு அதே மிளகுத்தண்ணி துரைமார் விருந்தில் சூப்பாக மேசை ஏறியது என்பது அடுத்த அத்தியாயம்.

மிளகிலிருந்து மிளகாய்க்கு மாறியதைச் சமையல் மாற்றமாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் வர்க்க உள்ளடக்கத்தை விட்டுவிடுகிறார்கள். மிளகு மலையில் விளைவது. சமவெளிக்காரன் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். மிளகாய் அப்படியில்லை. கொல்லையில் இரண்டு செடி நட்டால் போதும், மானாவாரியிலும் வரும். அரியலூர், பெரம்பலூர் பக்கத்து வறண்ட பூமியில், வரகும் சோளமும் கம்பும் தின்று உழைத்த சனங்களுக்கு மிளகாய் என்பது ருசி மட்டுமில்லை, கணக்கு. குழம்பு வைக்க வழியில்லாத நாளில் ஒரு பச்சை மிளகாயும் ரெண்டு சின்ன வெங்காயமும் ஒரு சட்டிக் கூழை இறக்கிவிடும். ‘தொட்டுக்க என்ன இருக்கு?’ என்ற கேள்விக்கு ஏழை வீட்டில் நிச்சயமாகக் கிடைக்கிற பதில் அதுதான். பணக்காரத் தட்டில் காரம் பல சுவைகளில் ஒன்று. கூலிக்காரர் தட்டில் பல சுவைகள் இல்லாத குறையை ஒன்றே நின்று ஈடுகட்டியது. (தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் இருக்கிறது. பெரியார் எடுத்ததற்கெல்லாம் ‘வெங்காயம்’ என்று சொல்லி உரித்துக்காட்டிய பண்டத்துக்குள் ‘காயம்’ என்ற பழைய உறைப்புச் சொல் உட்கார்ந்திருப்பதை அவர் ரசித்திருப்பார்.)

இன்னொன்று: உறைப்பு நாக்கில் மட்டும் இல்லை. காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற பெண்களிடம் கேட்டால் தெரியும். ராத்திரி முழுக்கக் கை காந்தும். எண்ணெய் தடவினாலும் அடங்காது. பிள்ளையைத் தொட்டுத் தூக்க முடியாது. அம்மியில் அரைத்த தலைமுறைகளுக்கும் இது தெரியும். சுவை பற்றிய சாஸ்திரங்கள் எல்லாம் உண்பவனின் நாக்கிலிருந்து எழுதப்பட்டவை. அரைப்பவளின் கையிலிருந்து எழுதப்பட்ட சுவை இலக்கணம் எந்த மொழியிலும் இல்லை.

வடமொழிப் பக்கம் இந்தச் சொல் பட்ட பாடு தனி. ஆயுர்வேதத்தில் ஆறு ரசங்களில் கார்ப்புக்குப் பெயர் ‘கடு’. ஆனால் அதன் வழிவந்த இந்திச் சொல்லான ‘கடுவா’ இன்று கசப்பைக் குறிக்கிறது. இந்திக்காரர்கள் காரத்துக்குத் ‘தீக்கா’ என்கிறார்கள். அது கூர்மை என்ற பொருளுள்ள ‘தீக்ஷ்ண’த்திலிருந்து வந்தது. அங்கேயும் குத்துகிற உருவகம்தான். சொல் வழுக்கியது பெரிய விஷயமல்ல, எல்லா மொழியிலும் நடக்கும். கவனிக்க வேண்டியது சொல்லின் மேல் ஏற்றப்பட்ட ஒழுக்கம். பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் 9ஆம் சுலோகம் உறைப்பும் புளிப்பும் உப்பும் சூடும் எரிச்சலும் மிகுந்த உணவுகளை ராஜச குணத்தாருக்குப் பிரியமானவை என்று வகைப்படுத்தி, துன்பத்தையும் நோயையும் அவற்றின் பலனாகச் சொல்கிறது. இந்த வகைப்பாட்டின் தொடர்ச்சியாக வெங்காயமும் பூண்டும் இறைச்சியும் விலக்கப்பட்டன. பார்ப்பன வீட்டுத் திவசச் சமையலில் மிளகாய்க்கு இன்றும் இடமில்லை, மிளகுதான். வைதீகம் மிளகாயைப் புதியது என்று ஒதுக்கியது. ஆனால் அதையே தின்று உழைத்தவர்களை என்றைக்கோ உள்ள குணத்தின்படி தாழ்த்தியது. ஆங்கிலம் உறைப்பைத் தாக்குதல் என்றது, சமஸ்கிருத மரபு அதைக் குணக்கேடு என்றது. இரண்டுக்கும் நடுவில் கஞ்சியோடு மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தவரின் சொல்லான உறைப்பு, அகராதியில் ஒரு வரியாக நின்றது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உறைத்தல் என்றால் காரமாயிருத்தல் மட்டுமல்ல. அழுந்துதல், உள்ளே போய்ப் பதிதல். ‘எத்தன தடவ சொல்லியும் அவனுக்கு உறைக்கலையே’ என்கிறோம். சைவ நூல்களில் உறைப்பு என்றால் பற்றுறுதி. குத்துவது வெளியிலிருந்து வருகிறது, குத்திவிட்டுப் போகிறது. உறைப்பது உள்ளே இறங்கித் தங்குகிறது. லத்தீனிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு, ஆனால் ‘புங்கெரே’ அல்ல, ‘சாப்பெரே’. ருசிப்பதற்கும் அறிவதற்கும் ஒரே வினை. ஈழத்தில் இன்றும் உறைப்புதான் நடப்புச் சொல். ‘கறி நல்ல உறைப்பு’ என்பார்கள். லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் அது அவர்களோடு போயிருக்கிறது. நம் பக்கம் வினையாக ‘உறைக்குது’ மிச்சமிருக்க, பெயர்ச்சொல் இடத்தைக் காரம் பிடித்துக்கொண்டது.

காரம் எங்கிருந்து வந்தது? வடமொழி ‘க்ஷார’த்திலிருந்து என்பது லெக்சிகன். தனித்தமிழ் அன்பர்கள் கார்த்தல் என்ற வினையையே இதற்கும் காட்டுவார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. க்ஷாரம் என்பது அரிக்கும் பொருள், சாம்பல் உப்பு. சவர்க்காரம், படிகாரம், வெங்காரம் என்ற சொற்களில் உள்ள காரம் அதுதான். சுண்ணாம்பும் அந்த வகை. அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த நிலம், கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லுமாக இறுகிக் கிடக்கிறது. அதைத் தோண்டிச் சுட்டு சிமெண்ட் ஆக்கும் ஆலைகள் மாவட்டம் முழுக்க நிற்கின்றன. அரசு ஆலை 1979இல் வந்தது, பிறகு தனியார். ஈரச் சிமெண்டில் நிற்கிறவரின் காலும் கையும் அரிந்து புண்ணாவது அதன் காரத்தன்மையால். பள்ளிக்கூடத்து ரசாயனப் பாடத்தில் அமிலத்துக்கு எதிர் காரம். அந்தப் பாடம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது: அமிலம் புளிக்கும், காரம் கசக்கும். வீட்டில் உறைக்கிற காரம் வகுப்பறையில் கசக்கிறது. எந்த வாத்தியாரிடமும் எந்தப் பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பாடப்புத்தகத் தமிழ் பற்றிய நல்ல விவாதம் ஒன்று கிடைத்திருக்கும்.

அறிவியலின் பக்கம் வருவோம். 1876இல் ஜான் தெரஷ் மிளகாயின் காரப் பொருளுக்குக் காப்சைசின் என்று பெயரிட்டார். 1912இல் டெட்ராய்ட்டில் மருந்து கம்பெனி ஒன்றில் வேலை செய்த வில்பர் ஸ்கோவில், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிக் கலக்கி, சிலரை ருசிபார்க்க வைத்து, எப்போது உறைப்பு தெரியாமல் போகிறது என்று பார்த்து அளவை வகுத்தார். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு காப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியைக் கண்டறிந்தது. இன்று டிஆர்பிவி1 எனப்படும் அது 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தையும் உணர்வது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே ‘எரியுது’ என்று சொன்ன நம் பாட்டியும் ‘ஹாட்’ என்று சொன்ன ஆங்கிலேயரும் உடற்கூறுப்படி சரியாகவே சொன்னார்கள். கடுகும் பூண்டும் முக்கியமாகத் தட்டுவது வேறொரு ஏற்பியை. பேச்சுத் தமிழ் அதை ‘நெடி’, ‘காட்டம்’ என்று பிரித்தே வைத்திருந்தது. இரண்டையும் ஒரே ‘பஞ்ஜென்ட்’டில் போட்டது அகராதிதான்.

இதிலிருந்து உறைப்பு சுவையே அல்ல, வலி என்ற முடிவுக்குப் போகிறார்கள். பாடப்புத்தகங்கள் சுவை நான்கு என்றன. பிறகு ஐந்து என்றன. ஐந்தாவது நாற்காலி உமாமிக்கு. 1908இல் டோக்கியோவில் கிகுனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மறுவருடமே அது அஜினோமோட்டோவாகச் சந்தைக்கு வந்தது. மேற்கு அதைச் சுவையென்று ஒப்ப ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. நாக்கில் அதற்கான ஏற்பி கிடைத்த பிறகே முழுதாக ஒப்பினார்கள். இக்கேடாவின் கண்டுபிடிப்பில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஜப்பானியச் சொல் மொழிபெயர்க்கப்படாமல், ஜப்பானியச் சொல்லாகவே, உலக அறிவியலில் உட்கார முடிந்ததற்குப் பின்னால் பல்கலைக்கழகமும் முதலாளியமும் ஒரு பேரரசும் இருந்தன. கார்ப்புக்கும் துவர்ப்புக்கும் அப்படி யாரும் இல்லை. நரம்பு எது என்பதை அறிவியல் சொல்லலாம். எதைச் சுவை என்று எண்ணுவது என்பது நரம்பைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிறவருக்கு நாக்கின் மொட்டும் முகத்து நரம்பும் தனித்தனியாக வந்து சேர்வதில்லை. அதற்காக ஆறு என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுமில்லை. அந்த ஆறும் வைத்தியர்கள் வகுத்தது; அதில் நெடிக்கும் காட்டத்துக்கும் இடமில்லை.

இப்போது நகரத்து ஓட்டல்களில் ‘ஸ்பைஸி’ வந்துவிட்டது. ‘ரொம்ப ஸ்பைஸியா வேணாம்’ என்கிறார்கள். பட்டை கிராம்பு போட்ட, மிளகாயே இல்லாத பிரியாணிக்கும் அதே சொல், ஆந்திரா ஊறுகாய்க்கும் அதே சொல். காரம் என்ற சொல்லோ வேறு வேலைக்குப் போய்விட்டது. இனிப்புக் கடைகளில் ‘இனிப்பு – காரம்’ என்று எழுதியிருக்கிறார்களே, அந்தக் காரம் ஆங்கில ‘சேவரி’யின் மொழிபெயர்ப்பு, இனிப்பல்லாத நொறுக்குத்தீனி, அவ்வளவுதான். கலியாணப் பந்தியிலும் பெண் பார்க்கும் சடங்கிலும் ‘ஸ்வீட், காரம், காப்பி’ என்று ஆகிவிட்டது. அந்தத் தட்டில் வருகிற தேன்குழலில் அரிசி மாவும் உளுந்து மாவும் உப்பும் வெண்ணெயும் சீரகமும் இருக்கும். மிளகாய் இருக்காது.